ஜீப்பில் ஏறியவர் பையில் கஞ்சா: ஓட்டுநர் மேல் வழக்கு எப்படி வரும், எதில் நிற்கும்?

மெட்டுச்சாலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலக்காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்களுக்காக ஸ்டாண்டில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறோம். அதில் எழுத வேண்டியதைச் சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி.

விடியற்காலையில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் தினமும் வருகிற பெண்கள். மீதிப்பேர் வெளியூர் பஸ்ஸில் இறங்கி நேராக ஜீப்புக்கு வருகிறவர்கள். தூக்குச்சட்டி, கூடை, துணிப்பை எல்லாம் கேரியரிலும் சீட்டுக்கு அடியிலும் கலந்து கிடக்கும். கேரளா செக்போஸ்ட்டில் எக்சைஸ்காரர்கள் (கலால் துறையினர்) ஒரு பையைத் திறக்கிறார்கள், உள்ளே கஞ்சா இருக்கிறது, யாரும் "என் பை" என்று சொல்லவில்லை. அப்போது ஓட்டுநர் நிலை என்ன? "வண்டி யாருதோ அவன்தான் குற்றவாளி" என்கிறார்கள் சிலர். "1 கிலோவுக்குக் கீழே என்றால் கேஸே இல்லை" என்கிறார்கள் சிலர். "180 நாள் உள்ளேதான், ஜாமீனே கிடையாது" என்றும் பேச்சு. மகஜர் (கைப்பற்றியதை எழுதும் பதிவு) முழுக்க மலையாளத்தில் இருக்கும், நம் ஆட்கள் படிக்கவே முடியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். வண்டி திரும்பக் கிடைக்குமா என்பது இன்னொரு பெரிய கவலை. பாதி வண்டிகளுக்கு மாதத் தவணை ஓடுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

வழக்குக்கட்டு எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன மூன்று பேச்சும் அரைகுறை உண்மை. அதனால்தான் ஆபத்து.

முதலில் எடை. 1985ஆம் ஆண்டு போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில் (கோர்ட்டில் எல்லாரும் என்.டி.பி.எஸ். என்பார்கள்) தண்டனை, ஜாமீன், காவல் நாட்கள், எந்த நீதிமன்றம் என்று எல்லாமே எடையைப் பிடித்துத்தான் நடக்கும். 2001இல் திருத்தம் வந்தபோது ஒவ்வொரு பொருளுக்கும் சிறு அளவு, வணிக அளவு என்று இரண்டு கோடு போட்டார்கள். கஞ்சாவுக்கு அந்தக் கோடுகள் 1 கிலோ, 20 கிலோ. சிறு அளவுக்கு 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. 20 ஆண்டு வரை போகும். அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். எல்லாம் 20(பி) பிரிவில் இருக்கிறது. ஆக, சிறு அளவு என்றால் கேஸ் இல்லை என்பது தப்பு. கேஸ் உண்டு, தண்டனை குறைவு, அவ்வளவுதான்.

கஞ்சாவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எடைபோடாதீர்கள். எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருளுக்குச் சிறு அளவுக் கோடு அரை கிராம், வணிக அளவுக் கோடு 10 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பொட்டலம், 20 கிலோ கஞ்சா மூட்டைக்குச் சமமான வழக்காகிவிடும். கலப்படப் பொடியையும் சேர்த்துத்தான் எடை. சுத்தமான மருந்து எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

இப்போது ஓட்டுநர். வண்டி சொந்தக்காரரையோ, வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையோ பிடிக்கிற பிரிவு 25. அதில் "தெரிந்தே அனுமதித்தால்" என்ற சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்தான் ஓட்டுநருக்குக் காப்பு. ஆனால் பெரும்பாலும் 25ஐ மட்டும் போட்டு நிறுத்த மாட்டார்கள். ஓட்டுநரே கடத்தினார், வைத்திருந்தார் என்று 20(பி)யையும், கூட்டுச்சதி என்று 29ஐயும் சேர்ப்பார்கள். அங்கே 35, 54 என்று இரண்டு பிரிவுகள் குறுக்கே நிற்கும். பொருள் உங்கள் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஆனாலும் அடிப்படை விஷயத்தை, அதாவது கைவசம் இருந்ததையே, அரசுத் தரப்புதான் முதலில் நிரூபிக்க வேண்டும். நூர் ஆகா வழக்கில் 2008இல் சொன்னது இது.

"கைவசம்" என்பதில் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்தார் சிங் வழக்கில் (2002) லாரியில் கசகசாத் தோல் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்கு எதிராக இல்லை. மதன் லால் வழக்கில் (2003) ஒரே காரில் சேர்ந்து பயணம் செய்த எல்லாருக்கும் பொருளைப் பற்றித் தெரிந்திருந்தது என்று சொல்லித் தண்டனையை உறுதிசெய்தது. ஒருவருக்கொருவர் அறிமுகமா, எங்கே ஏறினார், காசு யார் கொடுத்தார், போனில் பேசிக்கொண்டார்களா என்பதில்தான் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது இருக்கிறது. தனித்தனியாகக் கூலி கொடுத்து ஏறிய பதினைந்து பேர் ஜீப்புக்கும், நாலு சிநேகிதர்கள் போகிற காருக்கும் அதுதான் வித்தியாசம். அதனால் யார் எங்கே ஏறினார், எந்தப் பை யாருடையது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைப்பது வீண் வேலை இல்லை.

பிடிபட்டவர் "ஓட்டுநருக்கும் தெரியும்" என்று வாக்குமூலம் கொடுத்தால்? அதை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது. தமிழ்நாட்டு வழக்கான தோஃபன் சிங் வழக்கில், இந்தச் சட்டப்படி அதிகாரம் பெற்ற அதிகாரியும் போலீஸ் அதிகாரிதான், அவரிடம் 67ஆம் பிரிவில் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்று 2020 அக்டோபர் 29 அன்று தீர்ப்பு. எக்சைஸ் ரேஞ்ச் ஆபீசில் எழுதி வாங்குவதற்கும் இது பொருந்தும். ஆனால் போன் அழைப்புப் பட்டியல், ஜிபே பணம், பையை ஓட்டுநர் கையில் வாங்கி வைத்ததைப் பார்த்த சாட்சி என்று ஏதாவது கூடவே இருந்தால் நிலைமை வேறு. 60 ரூபாய் டிரிப்புக்கு ஒருவர் 2,000 ரூபாய் போட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

எடைக்கல் எழுதியது:

எடை பற்றி வழக்குக்கட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல வழக்குகளில் வக்கீல்கூட இதைக் கவனிப்பதில்லை.

இந்தப் பக்கம் பிடிபடும் கஞ்சா பெரும்பாலும் அழுத்திக் கட்டி, பிரவுன் டேப் சுற்றிய 2 கிலோ பொட்டலமாக வரும். பத்துப் பொட்டலம், மேலே பாலித்தீன், அதற்கு மேல் சாக்கு. தராசில் அப்படியே தூக்கி வைத்தால் 20 கிலோ 600 என்று காட்டும். டேப்பையும் கவரையும் சாக்கையும் கழித்தால் 19 கிலோ 700 ஆகலாம். இந்த 900 கிராமில் இருக்கிறது வாழ்க்கை. முதலாவது 10 ஆண்டில் ஆரம்பிக்கிற வழக்கு. இரண்டாவது 10 ஆண்டில் முடிகிற வழக்கு, 37ஆம் பிரிவின் ஜாமீன் தடையும் வராது. ஆகவே மகஜரில் இருப்பது மொத்த எடையா, நிகர எடையா, ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே நிறுத்தார்களா என்று பாருங்கள்.

அடுத்தது, எது கஞ்சா என்பது. சட்டத்தின் 2ஆம் பிரிவில் கஞ்சா என்றால் செடியின் பூத்த, காய்த்த நுனி. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் வராது. சாக்கில் காய்ந்த இலையும் விதையும் தனியாக உதிர்ந்து கிடந்தால், அதையும் சேர்த்து நிறுத்தது சரியா என்று கேட்க இடம் உண்டு. ஜாமீன் மனுவில் இந்த வாதம் எடுபட, மகஜரில் பொருளை எப்படி வர்ணித்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பச்சையாகப் பிடித்தது காய்ந்து, கோர்ட்டில் நிறுக்கும்போது குறைவதும் உண்டு. அந்தக் குறைவைக் காட்டியே வழக்கு உடைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஏன் குறைந்தது என்பதற்கு அவர்களிடம் விளக்கம் இருக்கிறதா என்றுதான் கோர்ட் பார்க்கும்.

மாதிரி எடுப்பது சம்பவ இடத்தில் நடக்கக்கூடாது. 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல் சரிபார்த்து, போட்டோ எடுத்து, மாதிரி எடுக்க வேண்டும். மோகன்லால் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. 2022 டிசம்பரில் வந்த விதிகளில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி, மற்ற பெரும்பாலான பொருளுக்கு 5 கிராம் வீதம் இரண்டு. ஆனால் இதில் தவறு நடந்தாலே விடுதலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாரத் ஆம்பாலே வழக்கில் 2025 ஜனவரியில், 52ஏ மீறல் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது, மற்ற சாட்சியம் உறுதியாக இருந்தால் தண்டனை நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தொடுபுழா பாதை எழுதியது:

நடைமுறைக்கு வருகிறேன். எல்லையில் எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்து கோர்ட் மாறும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு செக்போஸ்ட்டில் கேரளத்தார் பிடித்தால், உள்ளூர் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்வார், பிறகு வழக்கு தொடுபுழா சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். லோயர் கேம்ப்பிலோ கம்பத்திலோ தமிழ்நாட்டு போலீஸ் பிடித்தால் மதுரை சிறப்பு நீதிமன்றம். கேரளத்தில் எக்சைஸ் துறைக்கே இந்தச் சட்டப்படி பிடிக்க, கைது செய்ய, விசாரிக்க அதிகாரம் உண்டு. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுவதுபோல் அவர்கள் குற்ற நிகழ்வு அறிக்கை ஒன்று பதிவு செய்வார்கள். போலீஸ் ஸ்டேஷனில் போய் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு அலைந்து இரண்டு நாளைத் தொலைக்கிற குடும்பங்கள் உண்டு. எக்சைஸ் ரேஞ்ச் ஆபீசில் அந்த அறிக்கையின் எண்ணை வாங்குங்கள். வக்கீலுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

சோதனை நேரத்தில் நடக்க வேண்டியவை. உடம்பைச் சோதிப்பதற்கு முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இது 50ஆம் பிரிவு. கூட்டமாக ஒரே நோட்டீஸ் கொடுத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது செல்லாது, "என் முன்னாலேயே சோதிக்கலாமா" என்று மூன்றாவது வழி காட்டுவதும் செல்லாது என்று பரமானந்த் வழக்கில் 2014இல் சொன்னார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஜீப்பில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதால் இதைப் பலகையில் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஆனால் 50ஆம் பிரிவு உடம்புச் சோதனைக்கு மட்டும். கேரியரில் கிடக்கும் பைக்கு அது கிடையாது. பவன் குமார் (2005) முதல் ரஞ்சன் குமார் சத்தா (2023) வரை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கைதானால், கைதுக்கான காரணம் எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு. உடனே எழுதித்தர முடியாத நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மலையாளத்தில் நீட்டினால் அது போதாது. மகஜரில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலேயே தமிழில் "எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டவில்லை" என்று (அது உண்மையானால்) எழுதி, தேதியும் மணியும் போடச் சொல்லுங்கள். வெறும் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 105ஆம் பிரிவு. அந்தப் பதிவு எடுக்கப்பட்டதா என்று முதல் ரிமாண்டிலேயே வக்கீல் கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். மாதக்கணக்கு கழித்துக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

ஜாமீன். 37ஆம் பிரிவின் இரட்டைப் பூட்டு (குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும், வெளியே போய் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்றும் தோன்ற வேண்டும்) எல்லா வழக்குக்கும் கிடையாது. வணிக அளவு வழக்குகளுக்கும், 19, 24, 27ஏ ஆகிய பிரிவு வழக்குகளுக்கும் மட்டும். 4 கிலோ கஞ்சா இடைப்பட்ட அளவு. அதற்குச் சாதாரண ஜாமீன் விதிகள்தான். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: ரிமாண்ட் அறிக்கையில் 27ஏ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடத்தலுக்குப் பணம் போடுவதும் கடத்துபவருக்கு அடைக்கலம் கொடுப்பதும் அந்தப் பிரிவு. அளவு குறைவாக இருந்தும் அது ஒன்று ஒட்டிக்கொண்டால் 37 வந்துவிடும், 180 நாளும் வந்துவிடும். அடிப்படை இல்லாமல் சேர்த்திருந்தால் முதல் ஜாமீன் மனுவிலேயே அதைத்தான் உடைக்க வேண்டும்.

நாள் கணக்கு. வணிக அளவுக்கும் அந்தப் பிரிவுகளுக்கும் குற்றப்பத்திரிகை போட 180 நாள். அரசு வழக்கறிஞர், விசாரணை எவ்வளவு முன்னேறியிருக்கிறது, ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தால் 1 ஆண்டு வரை நீட்டலாம். விசாரணை அதிகாரி போட்ட மனுவை அப்படியே முன்வைத்தால் போதாது, அரசு வழக்கறிஞர் தன் மனதைச் செலுத்தி எழுதிய அறிக்கை வேண்டும். இடைப்பட்ட அளவுக்கு 60 நாள். "10 ஆண்டு வரை" என்று தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாள் எடுக்க முடியாது என்பது ராகேஷ் குமார் பால் வழக்கு (2017). ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023இல் கபில் வாத்வான் வழக்கில் தெளிவாக்கிவிட்டார்கள். அந்த நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்டு வாங்குவது உரிமை. ஆகவே இடைப்பட்ட அளவு என்றால் 61ஆவது நாள், கோர்ட் திறந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு உள்ளே போயாக வேண்டும். நாளை போடலாம் என்று விட்டு, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். குடும்பத்தில் ஒருவர் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பதே நல்லது.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பது எல்லை வழக்குகளின் சாபம். கேரளத்தில் ஜாமீன்தாரர் நிலவரி கட்டிய ரசீது காட்ட வேண்டியிருக்கும். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்றால் மோத்தி ராம் வழக்கை (1978) வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்பதற்காக ஜாமீன்தாரரை மாஜிஸ்திரேட் ஒதுக்கியதை நீதிபதி கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கண்டித்த தீர்ப்பு அது. உத்தமபாளையம் தாலுகாவில் நிலம் உள்ள ஆளைத் தாசில்தார் சான்றோடு முன்வைத்துக் கேளுங்கள். வக்கீல் வைக்க முடியாதவர்கள் 15100க்குக் கூப்பிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கேட்க மாட்டார்கள்.

வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதுதான் பிறகு வரும் பெரிய கேடு. ஒருநாள் கூலி போகிறதே என்று இரண்டு வாய்தா தவறினால் பிடிவாரன்ட். அதோடு அடுத்த ஜாமீன் மலை ஏறின மாதிரி. போக முடியாத நாளுக்கு முன்கூட்டியே விலக்கு மனு போடச் சொல்லுங்கள்.

ஆரம்பாக்கம் எழுதியது:

ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. எளாவூர் சோதனைச் சாவடி வழியாக வரும் லாரி, ஆம்னி பஸ் ஓட்டுநர்களுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் வடிவம் வேறு. அங்கே ஆளில்லாத பார்சல்தான் எமன். அனுப்பியவர் பெயர், போன், பெறுபவர் பெயர் இல்லாமல் "கோயம்பேட்டில் ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்" என்று டிக்கியில் வைக்கிற மூட்டை பிடிபட்டால், அது யார் கைவசம் என்ற கேள்விக்கு ஓட்டுநரையும் கிளீனரையும் தவிரப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஜீப்புக்கும் இது பொருந்தும். ஆள் ஏறாமல் பையை மட்டும் ஏற்றாதீர்கள், தெரிந்தவர் கொடுத்தாலும்.

சந்தேகம் வந்தால் பையைத் திறந்து பார்க்காதீர்கள், கைரேகை, சாட்சி எல்லாம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். செக்போஸ்ட் வருமுன் நிறுத்தி 1933க்குச் சொல்லுங்கள். அது தேசிய போதைப்பொருள் உதவி எண். நிறுத்திப் பிடித்த பிறகு "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்பது எடுபடாது.

மெட்டுச்சாலை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். வண்டி விஷயம் இன்னும் பாக்கி. இன்னொன்று, எங்களில் சிலர் வெள்ளை போர்டு ஜீப்பில் ஆள் ஏற்றுகிறார்கள். அது இந்த வழக்கில் ஏதாவது மாற்றுமா?

வழக்குக்கட்டு எழுதியது:

மாற்றும், இரண்டு பக்கமும். பொது இடத்தில், பொது வாகனத்தில் சோதனை என்றால் 43ஆம் பிரிவு. முன்கூட்டி எழுதி வைக்கும் சடங்குகள் இல்லை. தனியார் வாகனம் என்றால் 42ஆம் பிரிவு. கிடைத்த தகவலை எழுத வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும், சூரியன் மறைந்தபின் என்றால் காரணத்தையும் எழுத வேண்டும். பூட்டா சிங் வழக்கில் (2021) சாலையில் பிடிபட்டதும் ஒரு ஜீப்தான். ஆர்.சி.யைப் பார்த்தால் தனியார் வாகனம், 42ஐப் பின்பற்றவில்லை, அதனால் விடுதலை. இதைப் படித்துவிட்டு வெள்ளை போர்டு நல்லது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கூலிக்கு ஆள் ஏற்றினேன், அதனால் பை என்னுடையது இல்லை என்று ஒருபக்கம் சொல்லிக்கொண்டு, என் வண்டி தனியார் வண்டி என்று மறுபக்கம் சொன்னால் இரண்டு வாதமும் ஒன்றையொன்று கடிக்கும். பர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம் தனி. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிப்பார். மஞ்சள் போர்டு ஓட்டுநருக்கு "என் தொழில் ஆள் ஏற்றுவது" என்ற ஒரே பேச்சு போதும்.

வண்டிக்கு 60, 63 பிரிவுகள். உரிமையாளருக்கும், அவருடைய ஆளுக்கும், வண்டியை ஓட்டியவருக்கும் தெரியாமல் நடந்தது, ஒவ்வொருவரும் செய்யக்கூடிய முன்னெச்சரிக்கை எல்லாம் செய்திருந்தார்கள் என்று உரிமையாளர் நிரூபித்தால் பறிமுதல் கிடையாது. பிடித்த நாளிலிருந்து 1 மாதம் முடியாமலும், உரிமை கோருபவரைக் கேட்காமலும் பறிமுதல் உத்தரவு போட முடியாது. அதுவரை வண்டி மழையில் நின்று இற்றுப்போகாமல் இருக்க இடைக்காலமாக விடச்சொல்லிச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். முன்பு பல கோர்ட்டுகள் இந்தச் சட்டத்தில் அது முடியாது என்று திருப்பின. பிஸ்வஜித் டே வழக்கில் (2025 ஜனவரி) உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. அதிலேயே நான்கு நிலைமைகளைப் பிரித்தது. பொருள் உரிமையாளரிடமோ அவருடைய ஓட்டுநரிடமோ பிடிபட்டால் சாதாரணமாக விடமாட்டார்கள். திருடப்பட்ட வண்டி என்றாலும், ஏறிய மூன்றாம் ஆளிடம் பிடிபட்டு உரிமையாளர் மேலும் ஓட்டுநர் மேலும் குற்றச்சாட்டு இல்லை என்றாலும் சாதாரணமாக விட வேண்டும். ஆக, ஓட்டுநர் பெயர் குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறதா, சாட்சிப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் வண்டியின் தலைவிதியும். நோட்டில் எழுதுங்கள் என்று முதலில் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். 60ஆம் பிரிவு கேட்கிற முன்னெச்சரிக்கைக்கு அது கையில் இருக்கும் சான்று. மனுவோடு ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், தவணை பாக்கிக் கணக்கு எல்லாம் வையுங்கள்.

தொடுபுழா பாதை எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போனது. பிடிபடுகிறவர்களில் சொந்தமாகப் புகைக்கிற பையன்களும் உண்டு. கஞ்சா உபயோகித்ததற்கு 27ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். போதைக்கு அடிமையானவர் மேல் 27ஆம் பிரிவு வழக்கோ சிறு அளவு வழக்கோ இருந்து, அவராக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், 64ஏ பிரிவில் வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்ப எடுத்துவிடலாம். இந்தப் பிரிவைக் கேட்டு மனு போடுகிறவர்கள் மிகக் குறைவு. 14446 போதை மீட்பு உதவி எண். பலகையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், அம்மாக்கள் படிப்பார்கள்.

மெட்டுச்சாலை எழுதியது:

கட்டாயம் போடுகிறோம். எடை பற்றி இப்படி எழுதியிருக்கிறோம், சரியா பாருங்கள்: "கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு. 1 முதல் 20 கிலோவுக்குள் இடைப்பட்டது. 20 கிலோ முதல் வணிக அளவு."

எடைக்கல் எழுதியது:

இரண்டு முனையும் மாற வேண்டும். சிறு அளவு என்பது குறித்த எடைக்குக் குறைவானது என்றுதான் சட்டம் சொல்கிறது. வணிக அளவு என்பது குறித்த எடைக்கு மேற்பட்டது. அதனால் சரியாக 1 கிலோ சிறு அளவில் வராது, சரியாக 20 கிலோ வணிக அளவில் வராது. "1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, நடுவில் எல்லாம் இடைப்பட்டது, எடை என்பது சாக்கும் டேப்பும் கழித்த எடை" என்று எழுதுங்கள். கீழே மலையாளத்திலும் ஒருமுறை எழுதி வையுங்கள், அந்தப் பக்கத்து ஓட்டுநர்களும் அதே ஸ்டாண்டில்தானே டீ குடிக்கிறார்கள்.